சாக்கிய முனிவர் வாழ்ந்தமைக்குச் சான்று யாது?

மணிமேகலை பாடஞ் சொல்லும்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, புத்தர் என ஒருவர் மெய்யாகவே இருந்தாரா? அதற்குச் சாசனம் உண்டா?" என வினவினார். வகுப்பிற் சிலர் நகைத்தனர். வினா நகைக்கத்தக்கதன்று. ஐரோப்பாவிலே பெரும்புலவர் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வினாவை எழுப்பி, ஏறக்குறைய 'இல்லை' என்னும் விடையையும் எழுதி வைத்தனர்.

எனினும் அவ்வினாவின் தொனி ஒன்று என் செவியில் உறுத்தியது. பிறர் சமயத் தலைவர் என்றாற் சாசனம் கேட்கின்றோம். நம் சமயப் பெரியார் என்றாற் கேட்பதே அபசாரம் என்கின்றோம். அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். சைவத்தைத் தோற்றுவித்தார் என ஒருவர் இலர். ஆதலின் இவ்வினா நம்மை அணுகாது எனச் சிலர் ஆறுதல் கொள்வர். ஆசாரியர்களின் காலத்தை ஆராயப் புகும்போது அவ்வாறுதல் உதவாது. திருஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ச்சியாளர் எங்ஙனம் துணிந்தனர்? செங்காட்டங்குடிப் பதிகத்திற் சிறுத்தொண்டர் பெயர் வருகின்றது. அச்சிறுத்தொண்டர் முன்னர் மன்னனுக்காக வாதாபியை அழித்தவர் என்று, ஐந்நூறு ஆண்டு கழிந்து எழுதிய சேக்கிழார் சொல்கின்றார். பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைக்கொண்டது 642 ஆம் ஆண்டளவில்; வாதாபியிலேயே அவன் பெயர் கூறும் கல்வெட்டு உளது. பதிகமும் புராணமும் கல்லும் ஓரிடத்திற் கூடின. ஏழாம் நூற்றாண்டு என்பது பெறப்பட்டது. அந்த அளவுகோலையே சாக்கிய முனிவர் மீதும் வைத்துப் பார்ப்போம்.

முதற்கண் ஒன்றை ஒளியாது சொல்லிவிடல் வேண்டும். புத்தர் வாழ்ந்த காலத்து எழுதப்பட்ட எழுத்து ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. அவர் உபதேசம் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தது. திரிபிடகம் ஏட்டிலேறியது கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியில், நம் இலங்கையிலே என்பது பாளி வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. வாய்க்கும் ஏட்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஐயம் புகுவதற்கு அவ்விடைவெளி தாராளமாகப் போதும்.

புகவும் செய்தது. ஒக்ஸ்போர்ட்டிற் சமஸ்கிருதப் பேராசிரியராயிருந்த ஹொரேஸ் ஹேமன் வில்சன் 1850களிற் பெயர்களை எடுத்து ஆராய்ந்தார். தாய் பெயர் மாயை. பிறந்த ஊர் கபிலவாஸ்து, அதாவது சாங்கியம் வகுத்த கபிலரின் இடம். இவை தத்துவத்தை உருவகஞ் செய்த பெயர்களேயன்றி மெய்யான பெயர்கள் ஆகா, ஆதலின் இவர் வாழ்ந்தமையே ஐயத்துக்குரியது என்றார். பெயருக்குப் பொருள் இருப்பதனால் ஆள் இல்லை என்றால், நம் ஊர்ப் பொன்னம்பலங்கள் யாவரும் கோயில்களாகிவிடுவர். நிற்க. பிரான்சு நாட்டு எமில் செனார் 1875 இல் புத்தர் சரிதம் முழுவதும் ஞாயிற்றின் கதை என்றார். அறவாழி ஞாயிற்று வட்டம், மாரன் இருள், போதி மரத்தடியில் நிகழ்ந்த போர் ஒளிக்கும் இருளுக்கும் நிகழ்ந்த போர். அத்தகைய ஒருவர் இருந்திருத்தலை அவர் முற்றாக மறுத்திலர். நாம் அறிந்த கதை அவருடையதன்று என்பதே அவர் கொள்கை. ஒல்லாந்தர் ஹென்றிக் கேர்ன் இன்னும் ஒரு படி சென்று, எதிர்வாதிகளான ஆசிரியர் அறுவரையும் கோள்களாக்கினார். ஜேர்மனியின் ஹேர்மன் ஓல்டன்பேர்க் 1881 இல் எழுதிய நூல் இவ்வலையை அறுத்தது. செனார் ஆதாரமாகக் கொண்டவை பிற்கால அலங்கார நூல்கள். பழைய பாளிச் சூத்திரங்களில் ஞாயிறும் இல்லை, அற்புதமும் மிகக் குறைவு. ஊர் ஊராக நடந்து வாதஞ் செய்து மூப்பெய்திய ஒரு துறவியே அங்கு உளர் என்பது அவர் காட்டிய வழி. காலத்தால் முந்திய நூலை முன்வைத்தல் என்னும் எளிய விதியே அது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் சிலர் இன்றும் அவ்விதியை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாதங்கள் யாவும் ஏட்டோடு ஏடு மோதியவை. கல் வாய் திறந்தது 1896 டிசம்பரில்.

நேபாளத் தராயிலே உறுமிந்தேயி என வழங்கிய மேட்டில் முறிந்த தூண் ஒன்று நின்றது. நேபாளத் தளபதி கட்க சம்செரின் ஆட்கள் அதனைச் சூழ்ந்த மண்ணை அகழ்ந்தபோது, நிலத்துள் மறைந்திருந்த பிராமி எழுத்து வெளிப்பட்டது. ஐந்தே வரி. தேவானாம்பிய பியதசி மன்னன் முடிசூடி இருபதாண்டு சென்றபின் தானே வந்து வழிபட்டான். சாக்கியமுனி புத்தர் பிறந்த இடம் இதுவாதலின் கற்றூண் நாட்டுவித்தான். பகவர் பிறந்த ஊராகலின் இலும்மினி ஊர்க்குப் பலி என்னும் வரியை நீக்கி, விளைவில் எட்டிலொரு பங்கே கொடுக்குமாறு விதித்தான். இவ்வளவே செய்தி. புகழ்ச்சி இல்லை, வானோர் பூமாரி பொழியவில்லை. என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது அந்த வரிச் செய்தியே. புலவன் பிறப்பிடம் புனைவான். அரசன் பிறப்பிடத்துக்காக வருவாயை இழக்கும்போது, அவ்வூரும் அவ்விடமும் அக்காலத்து ஐயமற அறியப்பட்டிருந்தன என்றே கொள்ளல் வேண்டும்.

இக்கண்டுபிடிப்பின் மீது ஒரு கறையும் உண்டு. அதனை உலகுக்கு அறிவித்த பியூரர் என்னும் ஜேர்மானியத் தொல்பொருள் அதிகாரி நேர்மையற்றவர். போலிச் சாசனங்களை எழுதினார். பர்மியப் பிக்கு ஒருவருக்குப் போலித் தாதுக்களை அனுப்பினார். 1898 இல் அகப்பட்டுப் பதவி நீங்கினார். இத்தூணெழுத்தும் அவர் கைவேலையோ எனச் சிலர் இன்னும் கேட்கின்றனர். எழுத்தமைதியும் கிழக்குப் பிராகிருத நடையும் அசோகன் காலத்தனவே என்பது சாசன நூலோரில் மிகப் பலர் துணிபு. யானும் ஒரு மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அதில் 'சிலாவிகடபீ' என்றொரு தொடர் உளது. அதன் பொருள் இதுகாறும் முடிவாகவில்லை. மதில் என்பர் சிலர், குதிரை உருவம் என்பர் சிலர். பொய்யெழுதுவோன், தானும் பிறரும் பொருளறியாத சொல்லைப் புனைந்து வைப்பானோ?

ஆக, கல் கிடைத்தது. வழக்குத் தீர்ந்தது எனத் தோன்றும். தீரவில்லை. உறுமிந்தேயியினின்று வெகு தொலைவன்று நிகாலி சாகர் என்னும் குளக்கரை. அங்கும் அதே அசோகனின் தூண் ஒன்று கிடக்கின்றது. அது 1895 இலேயே வெளிப்பட்டது. அதன் செய்தியாவது: மன்னன் தன் பதினான்காம் ஆட்சியாண்டிலே கோணாகமன புத்தரின் தூபியை இருமடங்காகப் பெருக்கினான், பின்னர் தானே வந்து வழிபட்டான். ஆண்டைக் குறிக்கும் எழுத்துச் சிதைந்துள்ளதெனினும், அவ்வருகையும் இருபதாம் ஆண்டினதே என்பது பொது முடிபு. கோணாகமனர் யார்? கௌதமருக்கு முன்பு, எண்ணரிய காலத்துக்கு அப்பால், இருந்தவராக மரபு கூறும் முன்னைப் புத்தர். முப்பதினாயிரம் ஆண்டு வாழ்ந்தவர் என்பர். வரலாற்றாசிரியர் எவரும் அவரை மெய்யாக வாழ்ந்த மனிதராக எண்ணுவதில்லை.

மாணவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே மன்னன், ஒரே யாத்திரை, ஒரே வகைத் தூண். ஒன்றைக் காட்டிக் 'கல்லே சொல்கின்றது, கௌதமர் பிறந்தார்' என்போமாயின், மற்றதைக் காட்டிக் கோணாகமனரும் இருந்தார் என ஒருவர் வாதிக்கும்போது என் செய்வோம்? கல் சொல்வது நிகழ்ச்சியை அன்று. நாட்டிய காலத்து மக்கள் கொண்ட நம்பிக்கையை. கி.மு. 249 அளவில், இலும்பினிச் சூழலில் வாழ்ந்தோர் சாக்கியமுனி இங்கே பிறந்தார் என உறுதியாக நம்பினர் என்பதற்கு அத்தூண் மறுக்கவொண்ணாச் சான்று. அந்நம்பிக்கை நினைவோ புனைவோ என்பதைத் தூண் மட்டும் காட்டாது. வேறு சாட்சிகளை அழைத்து வைத்தே காண்டல் வேண்டும்.

முதற் சாட்சி இலங்கையினது. தூண்களிலும் பாறைகளிலும் வரும் பியதசி யாவன் என்பதே தொடக்கத்தில் எவர்க்கும் தெரியாதிருந்தது. 1837 இற் பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப், அவனை இலங்கை மன்னன் தேவானம்பிய தீசனோ என முதலில் எண்ணினார். இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் ரேணர் தீபவம்சத்தைப் புரட்டி, பியதசி என்பது அசோகனுக்கே வழங்கிய பெயர் எனக் காட்டினார். அவர் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் அதே 1837 இல். இந்தியா முழுவதும் மறந்திருந்த ஒரு மன்னனை இலங்கை ஏடு நினைவில் வைத்திருந்தது! 1915 இல் மாஸ்கியில் அசோகன் என்ற பெயரையே தாங்கிய சாசனம் கிடைத்து ரேணர் கூற்றை நிறுவியது. இன்னொன்றும் உண்டு. இமயமலைப் பக்கத்துக்குத் தருமம் உரைக்கச் சென்றோருள் மச்சிமர், கஸ்ஸபகோத்தர் என்போரை இலங்கை நூல்கள் பெயர் சுட்டிக் கூறுகின்றன. 1851 இற் சாஞ்சி வட்டாரத்துத் தூபிகளைக் கன்னிங்காம் திறந்தபோது, அப்பெயர்கள் பொறித்த தாதுச் சிமிழ்கள் வெளிப்பட்டன. ஒருவர் 'இமவந்தம் முழுவதற்கும் ஆசிரியர்' எனவே குறிக்கப்பட்டிருந்தார். ஆகவே, இலங்கை ஏடுகளைக் கட்டுக்கதை என ஒதுக்குவோர் உண்மையை ஒதுக்குவோராவர்.

அதற்காக அவ்வேடுகள் சொல்வன யாவும் மெய்யாகிவிடா. புத்தர் மும்முறை இலங்கைக்கு வந்தார் எனவும், நாகதீபத்திலே மணியாசனம் பற்றிப் போர் செய்த மகோதரன், சூளோதரன் என்னும் நாகமன்னரைச் சமாதானஞ் செய்தார் எனவும் மகாவம்சம் கூறும். நம் சாத்தனாரும் மணிபல்லவத்துப் பீடிகைக்காகப் பொருத நாகநாட்டு அரசர் இருவரையும், அவர்க்கு அறமுரைத்த பெருமானையும் பாடுகின்றார். பாளியும் தமிழும் ஒத்துரைப்பதனால் நிகழ்ச்சி உண்மை என ஒரு நண்பர் என்னோடு வாதித்தார். இரு சாட்சியும் ஒரே கதையைக் கேட்டு வந்து சொன்னால், சாட்சி இரண்டன்று, ஒன்றே. பழைய சூத்திரங்களிற் புத்தர் நடந்த ஊர்கள் யாவும் கங்கைச் சமவெளியிலும் அதன் அயலிலுமே உள்ளன. கடல் கடந்த செலவு அங்கு இல்லை. அதனால் மணிமேகலையின் அழகு குன்றுமோ? எட்டுணையும் குன்றாது. காவியத்தைக் காவியமாகவும் வரலாற்றை வரலாறாகவும் கற்பித்தல் ஆசிரியன் கடன்.

ஒத்துரைக்கும் நண்பனிலும் மாறுபடும் பகைவனே சிறந்த சாட்சி. புத்தருக்கு அத்தகைய சாட்சிகள் சமணர். பாளிச் சூத்திரங்களில் நிகண்ட நாதபுத்தர் என ஓர் எதிர்வாதி அடிக்கடி வருகின்றார். அவர் சமணரின் மகாவீரரே என்பதை ஹேர்மன் ஜக்கோபி 1879 இற் கல்பசூத்திரப் பதிப்பின் முன்னுரையில் நிறுவினார். சமணம் பௌத்தத்தின் கிளை என்ற பழைய எண்ணம் அன்றோடு வீழ்ந்தது. இரு சங்கத்தாரும் ஒருவரை ஒருவர் இகழ்ந்தவர். ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்தெழுதியவர் அல்லர். எனினும், பௌத்தர் பிம்பிசாரன், அஜாதசத்து என்பாரைச் சமணர் சேணியன், கூணியன் என்கின்றனர்; ஆட்கள் அவர்களே, நாடு அதுவே, காலமும் அதுவே. கற்பனைக்கு இவ்வாறு இருபுறத்தும் வேர் ஓடுவதில்லை.

இனிச் சூத்திரங்களின் உள்ளே நோக்குவோம். அங்கே மௌரியர் இல்லை, அசோகன் இல்லை. கோசலம், மகதம் என்னும் அரசுகளும் வச்சியரின் குடியரசும் தம்முள் இகலி நிற்கும் நாடு அது. பேரரசின் தலைநகராகிய பாடலிபுத்திரம் அங்கே பாடலிகாமம் என்னும் சிற்றூர். அப்போதுதான் அரண் எடுக்கப்படுகின்றது. நகரின் வருங்காலப் பெருமை பற்றிய வாக்கொன்று அங்குப் பின்னர் நுழைந்திருக்கலாம்; எனினும் சிற்றூராக இருந்த நினைவு பழையதே. அசோகன் காலத்தில் இருந்து புனைந்திருந்தால் இவ்வாறு அடங்கிப் புனையார்.

ஆசிரியரின் முடிவு எவ்வாறு கூறப்படுகின்றது எனவும் காண்க. மகாபரிநிப்பாண சூத்திரத்தில் எண்பது வயது முதியவர் தம் உடலை வாரிட்டுக் கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிடுகின்றார். சுந்தன் என்னும் கொல்லன் படைத்த உணவின்பின் குருதி போகும் வயிற்றுநோயால் வருந்துகின்றார். அவ்வுணவு பன்றியிறைச்சியோ காளானோ என உரைகாரர் இருவேறு மூவேறு படப் பொருள் கூறி இடர்ப்படுகின்றனர். தலைவரைத் தெய்வமாக்க விழைவோன் இக்கொல்லனையும் இந்நோயையும் வலிந்து படைப்பானோ? கோசம்பியிலே சங்கத்தார் பிணங்கியபோது அவர் சொல்லையும் கேளாது விட்டனர் என்கின்றது விநயம். மறைக்க விரும்பியிருப்பினும் மறைக்க இயலாத நினைவுகள் இவை என்றே யான் கொள்கின்றேன்.

வாழ்ந்தார் எனின், எக்காலத்தார்? இங்கே வழக்கு இன்னும் நடக்கின்றது. 1956 இல் நாம் கண்ட புத்த ஜயந்தி, பரிநிர்வாணம் நிகழ்ந்து 2500 ஆண்டு நிறைந்ததென்னும் கணக்கிற் கொண்டாடப்பட்டது, அது கி.மு. 544 ஐ அடிப்படையாக உடையது. ஆனால் அசோகன் முடிசூடியது பரிநிர்வாணத்துக்கு 218 ஆண்டின் பின் எனத் தீபவம்சமே சொல்கின்றது. அசோகன் காலமோ, அவன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்திற் பெயர் கூறும் யவன மன்னர் ஐவரால் ஏறக்குறையத் துணியப்பட்டது, முடிசூட்டு கி.மு. 268 அளவில். கூட்டினால் 486 வரும். ஆக, இலங்கை மரபுக்குள்ளேயே அறுபது ஆண்டளவு முரண் உண்டு. வடநாட்டுப் பௌத்த மரபு 218 என்னாது நூறு என்னும். 1988 இற் கோட்டிங்கனில் ஹைன்ஸ் பெக்கேர்ட் கூட்டிய மாநாட்டின் பின்னர், கி.மு. 400 ஐ ஒட்டியே மறைவு நிகழ்ந்தது என்ற கருத்து ஆராய்ச்சியாளரிடை வலுத்துள்ளது. அங்ஙனமாயின், இலும்பினித் தூணுக்கும் புத்தர் மறைவுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டே. பாட்டன் பேரனுக்குச் சொல்ல, அப்பேரன் தன் பேரனுக்குச் சொல்லக் கூடிய காலம்.

இதற்கு மாறான செய்தி ஒன்று 2013 இல் வந்தது. இலும்பினி மாயாதேவி கோயிலின் அடியிலே, செங்கற் கட்டடங்களுக்குக் கீழே, மரத்தாலான வேலியமைப்பின் தடத்தை றொபின் கொனிங்காமும் கோஷ் பிரசாத் ஆச்சாரியாவும் கண்டனர். நடுவே கூரையற்ற வெளி. அங்கு மரவேர் ஓடிய மண். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் கணித்தனர். புத்தரின் காலம் உறுதியாயிற்று எனப் பத்திரிகைகள் முழங்கின. அவ்வளவு விரைவு வேண்டா. மரத்தைச் சூழ வேலியிட்டு வழிபடுதல் இந்நாடுகளில் எச்சமயத்துக்கும் முந்திய வழக்கம். அம்மரத்தடியைத் தொழுதவர் பௌத்தரே என்பதற்கு அம்மண்ணில் அடையாளம் இல்லை.

ஐயுறுவோர் இன்றும் உளர். புத்தரை வரலாற்று மனிதர் என நிறுவும் செய்தி ஒன்றையேனும் ஆராய்ச்சியாளர் உறுதிப்படுத்திலர் என டேவிட் டுறூஸ் 2017 இல் எழுதினார். 2019 இல் அலெக்சாண்டர் வின் அதனை மறுத்தெழுதினார். டுறூஸ் கேட்கும் வகைச் சான்று நமக்கு இல்லை என்பது மெய். இயேசுநாதர் சிலுவையில் இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டினுள் பவுல் எழுதிய கடிதங்கள் உள. உரோம வரலாற்றாசிரியர் தசித்தசும் 116 அளவிற் குறிக்கின்றார். முகம்மது நபி மறைந்தது 632 இல். 640 அளவிற் சீரிய மொழிக் கிறித்தவர் ஒருவர் எழுதிய குறிப்பில் அவர் பெயர் வருகின்றது. அவற்றோடு ஒப்பிடின் புத்தர்க்கு உரிய சான்று தூரத்ததே. ஆயினும் எழுத்து வழங்காத நாட்டுத் துறவியிடம் எழுத்துச் சான்று கேட்டு, இல்லையெனின் ஆளே இல்லை என்பது, மழை பெய்யாத ஊரிற் குடை இல்லாமை கண்டு ஊரே இல்லை என்பது போலாம். அவர் வாழ்ந்தார் என்பதை வலியுறுத்தும் ஏதுக்கள் பல. வாழ்ந்திலர் எனக் கொண்டால் அவ்வேதுக்களுக்கெல்லாம் வேறு காரணம் தேட வேண்டும். பிறப்பின் அற்புதங்களையோ, பிறந்த ஆண்டையோ அவ்வாறு வலியுறுத்தல் இயலாது.

இறுதியாக, இலக்கணம் கற்போர்க்கு ஒரு செய்தி. 1898 சனவரியில் வில்லியம் பெப்பே என்பவர், இந்திய எல்லைக்குட்பட்ட பிப்ராவாவில் உள்ள தூபியைத் திறந்தார். பெரிய கற்பேழையினுள் மீன்பிடியுடைய பளிங்குச் சிமிழும், மாவுக்கற் சிமிழ்களும், எலும்புத் துண்டுகளும், பொன்னும் மணியும் இருந்தன. எலும்புகள் சயாம் மன்னர்க்கு வழங்கப்பட்டன. அவர் பகிர்ந்தளித்ததில் ஒரு பங்கு இலங்கைக்கும் வந்தது. மணிகளிற் பெப்பே குடும்பத்தார் கையில் எஞ்சியவை 2025 இல் ஏலத்துக்கு வந்து, இந்திய அரசு மறுத்தமையால் ஏலம் நின்று, அவ்வாண்டே இந்தியா திரும்பின. உலகம் மணிகளைப் பேசியது. புலவர் பேசுவது சிறு சிமிழின் மூடியைச் சுற்றி வட்டமாகக் கீறிய ஒரு வரியை. வட்டமாதலின் எங்கே தொடங்குவது என்பதே வழக்காயிற்று. 'புத்தபகவரின்', 'சாக்கியரின்' என ஆறாம் வேற்றுமைச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பூலர் முதலியோர், புத்தருடைய தாது, அளித்தவர் சாக்கியர் எனக் கொண்டனர். பிளீட் என்னும் சாசன அறிஞரோ, புத்தரின் உறவினராகிய சாக்கியருடைய எலும்பே அது என்றார். உடைமைப் பொருளில் வந்ததோ, கிழமைப் பொருளில் வந்ததோ என்னும் வினா அது. 1971 முதல் அங்கு மீண்டும் அகழ்ந்த சிறீவஸ்தவா, பெப்பேயின் பேழைக்கும் கீழே, அதனிலும் பழைய செங்கல் அறைகளில் எலும்புடைய சிமிழ்கள் இரண்டைக் கண்டார். அவற்றில் எழுத்து இல்லை. எழுத்துடைய சிமிழ் கொல்கத்தா இந்திய நூதனசாலையில் உள்ளது.